நான்கேகால் மணிக்கூர் கணக்கு: குமரியிலிருந்து வளைகுடாவுக்குத் தூரமும் நேரமும்

காலை 9 மணிக்குத் திருவனந்தபுரத்தில் புறப்படும் விமானம் துபாயில் 11.45 மணிக்கு இறங்கும் என்று டிக்கெட்டில் அச்சாகியிருந்தால், பயணம் இரண்டே முக்கால் மணி நேரம்தான் என்று எண்ணத் தோன்றும். அதே 9 மணிக்குப் புறப்பட்டுச் சிங்கப்பூர் செல்லும் விமானம் பிற்பகல் 3.45 மணிக்கு இறங்கும் என்றிருந்தால், ஆறே முக்கால் மணி நேரம் என்று தோன்றும். உண்மையில் இரண்டும் வானத்திலும் ஓடுபாதையிலுமாகச் செலவிடுவது ஏறக்குறைய நான்கேகால் மணி நேரமே. துபாய்க் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது, சிங்கப்பூர்க் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முந்தியது. டிக்கெட்டில் உள்ள நேரங்கள் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி அச்சாகின்றன. வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் வேலை பார்த்த ஊர்கள் நிறைந்த குமரி மாவட்டத்தில் இது பலருக்கும் தெரிந்த செய்திதான். ஆனாலும் மகனை முதன்முறையாக வழியனுப்பும் தாய், "எத்தனை மணிக்கூர் ஓட்டம்?" என்று கேட்கும்போது, சட்டென்று ஒரே எண்ணைச் சொல்லிவிட முடிவதில்லை. அதற்குக் காரணம் கடிகாரம் மட்டுமன்று.

முதலில் தூரத்தைப் பார்க்கலாம். திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கும் துபாய் விமான நிலையத்துக்கும் இடையிலான நேர்தூரம் சுமார் 2,940 கி.மீ. சிங்கப்பூருக்கு ஏறக்குறைய 3,100 கி.மீ. இந்த எண்கள், புவியின் வளைந்த பரப்பின் மீது இரு புள்ளிகளுக்கிடையே வரையக்கூடிய மிகக் குறுகிய கோட்டின் நீளம். இதைப் பெருவட்டப் பாதை என்பர். புவியின் நடுவண் வழியாக வெட்டினால் மேற்பரப்பில் விழும் வட்டத்தின் ஒரு துண்டு அது. கடலுக்குப் போகும் தூத்தூர், வள்ளவிளை மீனவர்களின் ஜி.பி.எஸ். கருவி, ஓமான் கடற்பகுதி வரை நீளும் தங்கல் தொழிலில் (பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிப்பதில்) 'இன்னும் இத்தனை நாட்டிக்கல் மைல்' என்று காட்டுவதும் இதே வகைக் கணக்குதான். நிலநேர்க்கோடு (வடக்கு–தெற்காக ஓடும் நெட்டாங்குக் கோடு) வழியே ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கை அடிப்படையாகக் கொண்டு பிறந்த அலகு நாட்டிக்கல் மைல். இன்று அது 1,852 மீட்டர் என்று வரையறுக்கப்பட்டுள்ளது. கப்பலுக்கும் விமானத்துக்கும் அளவுகோல் ஒன்றாக இருப்பதற்கு, இரண்டும் சாலையில்லாப் பரப்பில் பாகைகளை நம்பிச் செல்வதே காரணம்.

ஒரே இரு விமான நிலையங்களுக்கு ஓரிடத்தில் 2,947 என்றும் வேறிடத்தில் 2,941 என்றும் எண்கள் வரக் காண்பவர்கள் எது சரி என்று குழம்புவதுண்டு. இரண்டுமே சரிதான், புவியின் வடிவத்தைப் பற்றிய கொள்கைதான் வேறு. புவியை 6,371 கி.மீ. ஆரம் உள்ள முழுக்கோளமாகக் கொண்டால் ஓர் எண் வரும். நிலநடுக்கோட்டில் 6,378 கி.மீ., துருவங்களில் 6,357 கி.மீ. என்று சற்றே தட்டையான கோளமாகக் கொண்டால் இன்னோர் எண் வரும். இந்தத் தட்டையை அளந்தறிந்த பெரும் முயற்சிகளில் ஒன்றுக்கு நம் குமரிமுனைப் பகுதியே தெற்கு எல்லை என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1802 இல் சென்னை பரங்கிமலை அருகே அளவைக்கு அடிப்படையான முதல் கோட்டை அளந்து வில்லியம் லாம்ப்டன் தொடங்கிய அளவைப் பணி, குமரியிலிருந்து இமயமலை அடிவாரம் வரை ஒரு நிலநேர்க்கோட்டை ஒட்டி நீண்டது. அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் அதை முடித்தார். அந்த அளவையிலிருந்து 1830 இல் அவர் கணித்த புவி வடிவமே இந்திய வரைபடங்களுக்கு மிக நெடுங்காலம் அடிப்படையாக இருந்தது.

பெருவட்டப் பாதை நம் உள்ளுணர்வோடு மோதும் இடம், தூரம் மிக நீளும்போதுதான் தெரிகிறது. பள்ளிச் சுவரில் தொங்கும் உலகப்படத்தைப் பார்த்தால், குமரியிலிருந்து நியூயார்க்குக்குப் போக அரபிக்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று நேர்மேற்கே போக வேண்டும் போலிருக்கும். ஆனால் 13,780 கி.மீ. அளவுள்ள அந்தக் குறுகிய பாதை, திருவனந்தபுரத்திலிருந்து வடதிசைக்கு வெறும் 27 பாகை மேற்கே சாய்ந்து கிளம்புகிறது. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், மத்திய ஆசியா, ரஷ்யா என்று ஏறி, ஏறக்குறைய 64 பாகை வட அகலாங்கைத் தொட்ட பிறகே இறங்கத் தொடங்குகிறது. படத்தில் வில்லாக வளைந்து தெரிவது உருண்டையில் நேர்கோடு; படத்தில் நேர்கோடாகத் தெரிவது உருண்டையில் சுற்றுவழி. 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் குழு சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வடதுருவத்தின் மேலாக விமானத்தைக் கொண்டுவந்ததும் இதே உருண்டைக் கணக்கை ஒட்டித்தான். அந்த இரு நகரங்களுக்கும் இடையே சுமார் 14,000 கி.மீ. நேர்தூரம், அந்தக் குறுகிய பாதை ஏறக்குறைய 71 பாகை வட அகலாங்கு வரை ஏறுகிறது; துருவத்தின் மேலாகவே போனாலும் சில நூறு கி.மீ.தான் கூடுதல்.

குமரிக்காரர்களுக்கு நெருக்கமான வளைகுடாப் பாதையில் இத்தகைய வியப்பு இல்லை. ஆனால் வேறொரு ஒற்றுமை இருக்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து மஸ்கட் சுமார் 2,600 கி.மீ., துபாய் 2,940, குவைத் 3,800. இந்த மூன்று ஊர்களுக்கும் கிளம்பும் திசையைக் கணக்கிட்டால், வடக்கிலிருந்து மேற்கே முறையே 47.6, 48.1, 48.8 பாகை வருகிறது. அதாவது மூன்றும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில், ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கின்றன. மஸ்கட்டைத் தாண்டி 350 கி.மீ. போனால் துபாய், அதையும் தாண்டி 850 கி.மீ. போனால் குவைத். அந்தக் கோடு பெரும்பாலும் கடல் மேலேயே செல்வதால் குறுக்கே நாடுகள் குறைவு. இது ஒரு பெரிய வசதி என்பதைப் பின்னர் பார்க்கலாம்.

இனி நேரம். ஏர்பஸ் 320, போயிங் 737 வகை விமானங்கள் உயரே ஒலியின் வேகத்தில் சுமார் 0.78 பங்கில் பறக்கின்றன. பதினோரு கி.மீ. உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 56 பாகை செல்சியஸ் அளவில் இருப்பதால், அங்கே ஒலியின் வேகமே மணிக்கு 1,060 கி.மீ. அளவுக்குக் குறைந்துவிடுகிறது, ஆக விமானத்தின் வேகம் ஏறக்குறைய 830 கி.மீ. என்று கொள்ளலாம். 2,940 ஐ 830 ஆல் வகுத்தால் மூன்று மணி 32 நிமிடம். டிக்கெட்டில் நான்கு மணிக்கு மேல் காட்டுகிறார்களே என்றால், மேலேறும்போதும் கீழிறங்கும்போதும் வேகம் குறைவு. வானில் குறித்த வழிப்புள்ளிகள் வழியாக வளைந்து செல்வதால் பாதை நேர்கோட்டைவிடச் சற்று நீளம். தரையில் ஓடுபாதைக்குப் போகவும் வரவும் காத்திருக்கவும் இருபது நிமிடமாவது ஆகிறது. விமான நிறுவனங்கள் கணக்கிடுவது பறக்கும் நேரத்தை அன்று, நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்தது முதல் மறு நிறுத்துமிடத்தில் நின்றது வரையிலான நேரத்தை. அதைப் பிளாக் டைம் என்பார்கள். தாமதப் பட்டியலில் பெயர் வராமலிருக்க அதில் சில நிமிடங்களைக் கூட்டி வைப்பது எங்கும் உள்ள வழக்கம். இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம் என்று விமானி பெருமையோடு அறிவிக்கும்போது, அந்த இருபதில் பாதி அட்டவணை போட்டவரின் புண்ணியம் என்று நினைத்துக்கொள்வது என் வழக்கம்.

ஆனால் ஒரே பாதையில் போகும் நேரமும் வரும் நேரமும் வேறுபடுவதற்கு முதன்மையான காரணம் காற்றுதான். மேற்கிலிருந்து வீசும் கச்சானும் கிழக்கிலிருந்து வரும் கொண்டலும் கட்டுமரத்தையும் வள்ளத்தையும் எப்படி முன்தள்ளும், எப்படிப் பின்னிழுக்கும் என்பது நம் கடற்கரையில் சிறுபிள்ளைக்கும் தெரியும். விமானத்துக்கும் அது அப்படியே பொருந்தும். விமானம் காற்றுக்குள் மிதக்கும் பொருள், காற்றே நகரும்போது அதுவும் சேர்ந்து நகர்கிறது. எதிர்காற்று மணிக்கு 100 கி.மீ. என்றால் 830 இல் 100 போய் தரையளவில் 730 தான் மிஞ்சும். 3,000 கி.மீ. போக நான்கு மணி ஏழு நிமிடம். அதே காற்று முதுகில் வீசத் திரும்பி வர மூன்று மணி 13 நிமிடம். போக்கில் இழந்ததை வரவில் பெற்றுவிடுவோம் என்று நினைத்தால் அதுவும் சரியன்று: கூட்டினால் ஏழு மணி 20 நிமிடம் வருகிறது, காற்றே இல்லாவிட்டால் ஏழு மணி 14 நிமிடம்தான். மெதுவாகப் போகும்போது காற்றின் பிடியில் அதிக நேரம் இருக்கிறோம், வேகமாக வரும்போது குறைந்த நேரமே இருக்கிறோம். அதனால் காற்று எப்போதும் கொஞ்சம் நேரத்தை, இந்தக் கணக்கில் ஆறு நிமிடத்தை, எடுத்துக்கொண்டுதான் விடுகிறது.

உயரே வீசும் காற்று, கரையில் நாம் உணரும் காற்றுக்கு நேரெதிராகவும் இருக்கலாம். குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கும் அரேபியாவுக்கும் மேலே, 25 முதல் 30 பாகை வட அகலாங்கை ஒட்டி, மேற்கிலிருந்து கிழக்காக ஒரு வேகக்காற்று ஆறுபோல் ஓடுகிறது. மணிக்கு 150 கி.மீ.க்கு மேலும் அது போகும். குமரியிலிருந்து துபாய்க்குப் போகும் விமானம், முதல் பாதியை அமைதியான வெப்பமண்டலக் காற்றில் கடந்து, ஓமானை நெருங்கும் கடைசிப் பகுதியில் இந்த எதிர்காற்றுக்குள் நுழைகிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை போகும் நேரம் கூடுதலாகவும் வரும் நேரம் குறைவாகவும் இருப்பது இதனால்தான். தென்மேற்குப் பருவமழை வந்தபின் நிலைமை மாறுகிறது. கீழே கச்சான் பலமாக அடித்துத் தேங்காய்ப்பட்டணத்திலும் குளச்சலிலும் கடல் சீறிக்கொண்டிருக்க, பதினான்கு, பதினைந்து கி.மீ. உயரத்தில் தென்னிந்தியாவின் குறுக்கே கிழக்கிலிருந்து மேற்காக வேகக்காற்று வீசுகிறது. வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் காற்று எனப்படும் இதை 1950களில் ஆராய்ந்து உலகுக்குக் காட்டியவர் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பி. கோடேஸ்வரம். பயணிகள் விமானங்கள் அதற்குச் சற்றுக் கீழேதான் பறக்கின்றன என்றாலும் அங்கேயும் காற்றின் திசை கிழக்கிலிருந்துதான். ஆகவே அந்த மாதங்களில் வளைகுடாவுக்குப் போகும் விமானத்தை வழியின் தென்பகுதியில் காற்று முதுகிலிருந்து தள்ளுகிறது. போகும் நேரத்துக்கும் வரும் நேரத்துக்கும் உள்ள இடைவெளி சுருங்குகிறது. கடலில் மேல்நீவாடும் அடிநீவாடும் (மேல், அடி நீரோட்டங்கள்) வேறு வேறு திசையில் ஓடுவதை வலையின் இழுப்பில் உணர்ந்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை.

காற்று பலமாக இருந்தால், நீண்ட வழியே குறுகிய நேரமாகிவிடும். டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு அட்லாண்டிக் வழியாகச் சுமார் 13,900 கி.மீ. பறந்துகொண்டிருந்த ஏர் இந்தியா, 2016 அக்டோபரில் கிழக்கே திரும்பிப் பசிபிக் வழியாக 15,300 கி.மீ. பறக்கத் தொடங்கியது. 1,400 கி.மீ. கூடுதல், ஆனால் மேற்கிலிருந்து வீசும் வேகக்காற்று முதுகில் இருந்ததால் பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது, பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சம். 2020 பிப்ரவரியில் அட்லாண்டிக்கில் புயல் வீசிய ஓரிரவில் நியூயார்க்கிலிருந்து லண்டன் வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் நான்கு மணி 56 நிமிடத்தில் தரையிறங்கியது. வழக்கமாக அந்தப் பயணத்துக்கு ஆறு மணிக்கு மேல் ஆகும். இன்று இடைநில்லாது செல்லும் மிக நீண்ட பயணமாகிய சிங்கப்பூர்–நியூயார்க், சுமார் 15,300 கி.மீ., பதினெட்டரை மணிக்கும் மேல். அங்கே காற்றின் முன்னறிவிப்பைப் பார்த்துத்தான் அன்றாடம் வழியைத் தேர்கிறார்கள்.

காற்றைப் போலவே அரசியலும் வழியை வளைக்கிறது. 2019 பிப்ரவரி 27 அன்று பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியபின், ஜூலை 16 வரை அதன் பெரும்பாலான வழிகள் அடைபட்டிருந்தன. 2025 ஏப்ரல் 24 முதல் இந்திய விமான நிறுவனங்களுக்கு அது மீண்டும் மூடப்பட்டது. டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் குஜராத் வரை இறங்கி அரபிக்கடல் வழியாகச் சுற்ற நேர்ந்தது. ஆனால் திருவனந்தபுரத்தின் வளைகுடா வழி அதனால் பாதிக்கப்படவில்லை. அது பாகிஸ்தானைத் தொடுவதே இல்லை. இந்த விஷயத்தில் நாட்டின் தென்கோடியில் இருப்பது நமக்கு ஆதாயமே. எனினும் 2025 ஜூன் 23 இரவு வளைகுடா நாடுகளே சில மணி நேரம் வான்வெளியை மூடியபோது, நமக்கும் தப்பிக்க வழி இல்லாமற்போனது.

நேரடி விமானம் இல்லாத தொலைவுகளுக்கு, இடையில் இறங்கி விமானம் மாறும் ட்ரான்சிட் தவிர வேறு வழி இல்லை. இங்கேதான் தூரமும் நேரமும் முற்றிலுமாகப் பிரிகின்றன. திருவனந்தபுரம்–துபாய் 2,940, துபாய்–நியூயார்க் சுமார் 11,020. கூட்டினால் 13,960 கி.மீ. நேர்ப்பாதையான 13,780 ஐவிட இருநூறு கி.மீ. கூட அதிகமில்லை, பறக்கும் நேரத்தில் கால் மணிதான். வளைகுடா விமான நிலையங்கள் உலகின் சந்திப்புகளாக வளர்ந்ததற்கு இந்தப் புவியியலும் ஒரு காரணம். ஆனால் துபாயில் மூன்று மணி நேரம் காத்திருந்தால் பயணம் மூன்று மணி நேரம் நீள்கிறது, ஒன்பது மணி நேரம் காத்திருந்தால் ஒன்பது. மலிவான டிக்கெட்டில் மிச்சமாகும் பணம், பெரும்பாலும் இந்த நாற்காலித் தவத்துக்குக் கிடைக்கும் கூலி.

கடிகார வேறுபாட்டிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சூரியன் ஒரு பாகையைக் கடக்க நான்கு நிமிடம் ஆகிறது. திருவனந்தபுரத்துக்கும் துபாய்க்கும் நெட்டாங்கு வேறுபாடு 21.6 பாகை, அதாவது 86 நிமிடம். கடிகார வேறுபாடு 90. கிட்டத்தட்டப் பொருந்துகிறது. சிங்கப்பூருக்கு 27 பாகை, 108 நிமிடம்தான் இருக்க வேண்டும்; ஆனால் 150 நிமிடம். மலேசியத் தீபகற்பத்தோடு சேர்ந்து 1982 தொடக்கத்தில் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியதால் வந்த இடைவெளி இது. இங்கேயும் 82.5 பாகை நெட்டாங்கின் நேரத்தையே நாம் பின்பற்றுவதால், நாகர்கோவிலில் உச்சி வெயில் கடிகாரப் பன்னிரண்டைத் தாண்டி ஏறக்குறைய இருபது நிமிடம் கழித்தே வருகிறது.

இத்தனை கணக்கும் விமான நிலையத்தின் வாசலிலிருந்து தொடங்குகிறது. குமரிக்காரரின் பயணமோ அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. 1956 நவம்பர் 1 இல் தமிழ்நாட்டோடு இணைந்த நம் மாவட்டத்துக்கென்று விமான நிலையம் கிடையாது. திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் முயற்சியால் 1932 இல் தோன்றி, 1991 இல் சர்வதேச விமான நிலையமான திருவனந்தபுரமே, மாநில எல்லைக்கு அப்பால் இருந்தாலும், நமக்கு அருகில் உள்ளது. நாகர்கோவிலிலிருந்து ஏறக்குறைய 70 கி.மீ. உயரே பறக்கும் விமானத்துக்கு அது ஐந்து நிமிடத் தொலைவு. தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை என்று கடைவீதிகளை ஊடுருவிப் போகும் காருக்கு இரண்டரை மணி நேரத்தை ஒதுக்காமல் யாரும் கிளம்புவதில்லை. புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும், வானில் நான்கேகால், அந்தப் பக்கம் குடியேற்றச் சோதனை, பெட்டி, அறைக்குப் போகும் வண்டி என்று ஒன்றரை. ஆகப் பதினொன்றேகால் மணி நேரம். 3,000 கி.மீ. தூரத்தை அதனால் வகுத்தால் சராசரி வேகம் மணிக்கு 270 கி.மீ. கூட வரவில்லை. நாகர்கோவிலிலிருந்து இரவு ரயிலில் சென்னைக்குப் போகும் ஒருவரும் அதே நேரத்தில் வீட்டை விட்டு வெளியேறித் துபாய்க்குப் போகும் ஒருவரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் போய்ச் சேர்கிறார்கள். 2024 ஆகஸ்டில் தொடங்கிய வந்தே பாரத்தில் ஏறினால் சென்னைக்காரர் முந்திவிடுவார்.

திரும்பி வரும் வழியில் இந்த முரண் இன்னும் கூர்மையாகிறது. திருவனந்தபுரத்தின் ஓடுபாதை கடற்கரையை ஒட்டி வடமேற்கு–தென்கிழக்காகக் கிடக்கிறது. புறப்படும்போது வடமேற்கே எழும் விமானத்துக்கு வளைகுடாத் திசை கிட்டத்தட்ட நேர்முன்னே இருக்கும். ஆனால் காற்று வடமேற்கிலிருந்து வீசும் நாளில், விமானம் காற்றை எதிர்த்தே தரை தொட வேண்டும் என்பதால், வளைகுடாவிலிருந்து வரும்போது ஊரைத் தாண்டித் தெற்கே போய் வளைந்து, தென்கிழக்கிலிருந்து இறங்க வேண்டியிருக்கிறது. ஓடுபாதையின் கோட்டை அந்தப் பக்கம் முப்பது கி.மீ. நீட்டினால் அது பூவாரைக் கடந்து நம் நீரோடிக் கரையருகே வந்து நிற்கிறது. வானில் நெரிசல் இருந்து இந்தச் சுற்று நீளும் இரவுகளில், சன்னலோரம் அமர்ந்திருக்கும் தூத்தூர்க்காரர் தன் ஊர்க்கரையின் விளக்குகளைக் கீழே பார்த்துவிடலாம். அங்கிருந்து ஓடுபாதைக்கு ஆறேழு நிமிடம். பெட்டி வந்து, வண்டி பிடித்து, அதே கரைக்குச் சாலை வழியே திரும்ப இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது.